சாதாத் தறியில் பூட்டிய நான்கு கருவிகள்: ஏழு ஆண்டு ஓட்டிப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

ஆந்திரத்தில் நகரியை ஒட்டிய ஏகாம்பரக்குப்பத்தில் எங்கள் குடும்பத்துக்கு எட்டு சாதாத் தறிகள், அதாவது நாடா ஓடும் சாதாரண விசைத்தறிகள், இருக்கின்றன. உள்பாவாடைக்குப் போகும், சாயம் ஏறாத கோராத் துணிதான் எங்கள் தொழில். பாவும் (நீளவாக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) 40-ஆம் நம்பர் பருத்தி நூல். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தின் கீழ் எட்டுத் தறிகளிலும் நான்கு கருவிகளைப் பூட்டினோம்: பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்துவது ஒன்று, ஊடை அறுந்தால் நிறுத்துவது ஒன்று, பாவை அளவாக விட்டுக்கொடுக்கும் லெட்-ஆஃப் ஒன்று, உடனே பிடிக்கும் பிரேக் ஒன்று. ஏறக்குறைய அதே சமயத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் பெரியப்பா மகன், தம்முடைய ஆறு சாதாத் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, பழைய ரேப்பியர் தறிகள் (நாடா இல்லாத, வேகமான வகை) இரண்டை வாங்கி இறக்கினார். இருக்கிற தறியைத் திருத்துவதா, புதிய வகைத் தறிக்கு மாறுவதா என்று புத்தூரிலிருந்தும் நாராயணவனத்திலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் இன்றும் கேட்கிறார்கள் என்பதால், இரண்டு கூடத்திலும் நான் கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சில வரிகள். பவர்டெக்ஸ் இந்தியா 2017 ஏப்ரல் 1 அன்று மூன்றாண்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. அதில் சாதாத் தறியை இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் பிரிவு, எட்டுத் தறி வரை வைத்திருக்கும் சிறு கூடங்களுக்கானது. செலவில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும், பட்டியல் சாதியினருக்கு 75 விழுக்காடும், பழங்குடியினருக்கு 90 விழுக்காடும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியமாகக் கிடைத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டாலும் கருவிகள் இன்றும் சந்தையில் சொந்தக் காசுக்குக் கிடைக்கின்றன. ஆகவே இந்த மதிப்புரைக்கு இன்னும் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

நான்கில் எது சிறந்தது என்று கேட்டால், பாவு நிறுத்தி என்று தயங்காமல் சொல்வேன். ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு தொங்கும். நாங்கள் அதைப் பின் என்கிறோம். இழை விறைப்பாக இருக்கும்வரை பின் மேலே நிற்கும். இழை அறுந்தால் பின் கீழே விழுந்து மின்சுற்றைத் தொடும், தறி நின்றுவிடும். எங்கள் அகலத்துக்கு ஒரு தறியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பின்கள். பூட்டிய முதல் நாள் மூன்றாவது தறி சட்டென்று நின்றபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து "கரண்ட் போயிடுச்சா?" என்றார். மற்ற ஏழும் ஓடிக்கொண்டிருந்தன. அவரை அழைத்துச் சென்று, வரிசையில் ஒரு பின் மட்டும் விரலகலம் தாழ்ந்து கிடந்ததைக் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாக அறுந்த இழையைக் கண்ணால் தேடியவர், அந்தப் பின்னை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இது இல்லாத தறியில் என்ன நடக்கும் என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அறுந்த இழை பக்கத்து இழைகளோடு சுற்றிக்கொள்ளும். யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கை அளவுக்குத் துணியில் ஊடை பின்னாமல் மிதந்து நிற்கும். துணி மடிக்கும் இடத்தில் அந்தப் பழுதுக்குக் கூலியில் பிடிப்பார்கள். கூலிக்கு நெய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மீட்டருக்குக் கிடைப்பதே சில ரூபாய்தான் என்னும்போது, ஒரு பழுது அந்த நாளின் வருமானத்தையே தின்றுவிடும். கருவி பூட்டியபின் இத்தகைய பிடித்தம் எங்களுக்குப் பெருமளவு குறைந்துவிட்டது. நான் போட்ட பணம் திரும்பி வந்தது இந்த ஒரு வழியில்தான்.

லெட்-ஆஃப் கருவிக்கு இரண்டாம் இடம் தருகிறேன். முன்பு பாவு பீமை, அதாவது பாவு சுற்றிய உருளையை, கயிறு சுற்றி, நெம்புகோலில் எடை தொங்கவிட்டு இழுத்துப் பிடித்திருந்தோம். பீம் பருமன் குறையக் குறைய எடையை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். நகர்த்த மறந்தால் துணி ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் கலைந்தும் பட்டை பட்டையாக விழும். கோராவில் அந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறியபின்தான் தெரியும். அதனாலேயே சாயப்பட்டறைக்கும் நெய்பவருக்கும் ஓயாத சண்டை. இப்போது அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. ஊடை நிறுத்தியும் பிரேக்கும் தம் வேலையைச் செய்கின்றன. பிரேக் சரியாக இல்லாமல் மற்ற இரண்டு நிறுத்திகளும் பயன்படா என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இனிக் குறைகள். கருவியை விற்றவர்கள், தறி தானாகவே நிற்பதால் நான்கு தறி பார்க்கும் ஆள் இனி எட்டுத் தறி பார்க்கலாம் என்றார்கள். இது நடக்கவில்லை, நடக்கவும் வழியில்லை. எங்கள் தறி நிமிடத்துக்கு 150 பிக் (ஊடை வரிசை) ஓடுகிறது. அந்த வேகத்தில், 40-ஆம் நம்பர் நூல் சுற்றிய ஒரு தார் (ஊடையைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) எட்டு ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான்கு தறி பார்க்கும் அக்கா ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நாடாவில் தார் மாற்றியே தீர வேண்டும். இந்த நான்கு கருவிகளும் அந்த வேலையில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. எனவே எங்கள் கூடத்தில் துணியின் தரம் உயர்ந்தது, ஆளின் உழைப்பு முன்பிருந்ததே. தரத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குபவர் ஏமாற மாட்டார்.

இரண்டாவது குறை பராமரிப்பு. பாவு இழைக்குப் போட்ட கஞ்சியின் தூளும் பஞ்சும் பின் வரிசையில் படிந்தால் பின் விழாது, அல்லது விழுந்தும் தொடாது. வாரம் ஒருமுறை துடைத்து ஊதிவிட வேண்டும். முதல் ஆண்டில் நாங்கள் இதைச் செய்யாமல், கருவியே பழுது என்று எண்ணி இரண்டு தறிகளில் அதன் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தோம். பூட்டிக் கொடுத்தவர்களை அழைத்தபோது மூன்று மாதம் யாரும் வரவில்லை. அரசு ஆய்வு முடிந்து கணக்கு தீர்ந்தபின் எங்கள் அழைப்புக்கு மதிப்பில்லாமல் போயிற்று. கடைசியில் பக்கத்துத் தெரு பிட்டர் (தறி பழுது பார்ப்பவர்) ஒருவர்தான் வந்து, மின்பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்துக் காட்டி, எங்களுக்கு வழி சொன்னார். மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது ஓராண்டு பராமரிப்பு முடிந்தபின் விற்பனையாளருக்குத் தருவதாக விதி இருந்திருந்தால் எத்தனையோ கூடங்களில் இந்தக் கருவிகள் இன்று மூலையில் கிடக்காது.

இனி பெரியப்பா மகனின் ரேப்பியர் தறிகள். ரேப்பியரில் நாடா இல்லை, தாரும் இல்லை. கோன் என்னும் பெரிய நூல் உருளையிலிருந்தே நேராக ஊடையை இழுத்துச் செல்கிறது. தார் சுற்றும் வேலையும், தார் மாற்றும் ஓட்டமும் ஒரேயடியாக ஒழிகின்றன. அவருடைய தறி 220 பிக் ஓடுகிறது. அங்குலத்துக்கு 60 பிக் என்று கணக்கிட்டால், எங்கள் தறி நிற்காமல் ஓடினாலும் மணிக்கு நான்கு மீட்டரைத் தொடாது; அவருடையது ஐந்தரை மீட்டரைத் தாண்டும், அகலத்தில் இரண்டு துணிகளையும் சேர்த்து நெய்யலாம். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் அவர் முதல் எட்டு மாதம் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். சாதாத் தறிக்குக் கஞ்சி போட்டு வந்த அதே பாவை ரேப்பியரில் ஏற்றினார். அந்த வேகத்துக்கும் விறைப்புக்கும் அந்தக் கஞ்சி தாங்கவில்லை. இழை அறுந்துகொண்டே இருந்தது, தறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். கடைசியில் ஈரோடு பக்கத்திலிருந்து கஞ்சி போட்ட பீமை லாரியில் வரவழைத்தபின்தான் தறி ஓடத் தொடங்கியது. அந்த லாரி வாடகை, வேகத்தால் கிடைத்த லாபத்தில் கணிசமான பங்கைக் கொண்டுபோகிறது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் இருமுறை மின்னணு அட்டை பழுதானது வேறு. பழைய இயந்திரம் என்பதால், 2016 முதல் 2022 மார்ச் வரை நடந்த திருத்திய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் நெசவுக்குத் தந்த 10 விழுக்காடு மூலதன மானியமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது புதிய இயந்திரங்களுக்கு மட்டுமே உரியது.

கரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாடாத் தறியில் ஊடை திரும்பித் திரும்பி ஓடுவதால் கரை மூடிக்கொள்ளும். ரேப்பியரில் ஒவ்வொரு ஊடையும் வெட்டப்படுவதால் கரையில் முடி போல் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் கழிவு இழையும் தனியாக வெளியேறும். வெட்டித் தைக்கும் துணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. லுங்கிக்கும் துண்டுக்கும் இது பெரிய குறை. எங்கள் பக்கத்து வியாபாரி லுங்கியைக் கையில் எடுத்ததும் முதலில் கட்டைவிரலால் கரையைத்தான் தடவிப் பார்ப்பார். அத்துடன் லுங்கி, வேட்டி, சேலை ஆகியவற்றில் குறிப்பிட்ட சில வகைகள், 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 பொருள்களுக்குள் வருகின்றன. டாபி (துணியில் கோலம் எழுப்பும் கருவி) பூட்டிப் புதிய ரகத்துக்குப் போக நினைப்பவர், அது எந்த வகையில் சேரும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொள்கை என்ற பெயரில் எங்களுக்கு வந்து சேர்வதையும் ஒரு பொருளைப் போலவே எடைபோட்டுப் பார்க்கிறேன். 1960 ஏப்ரலில் திருத்தணி, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. அன்றிலிருந்து ஒரே குடும்பத்தின் தறிகளுக்கு இரண்டு அரசுகளின் கணக்கு. தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 ஆக உயர்ந்தது. ஆந்திர அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் விசைத்தறிக்கு மாதம் 500 யூனிட் என்று அறிவித்தது. கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. தறிக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்று வைத்தால், எட்டுத் தறியும் முழுச் சுமையில் மணிக்கு ஆறு யூனிட் இழுக்கும்; இரண்டு ஷிப்டு ஓடினால் 500 யூனிட் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு வரும். அந்த ஐந்து நாள் எங்களுக்குப் பெரிய மூச்சு, அதற்கு மனமார நன்றி சொல்கிறேன். எனினும் அது பழைய தறியைப் பழையபடியே ஓட்டுவதற்கான உதவி, தறியை மாற்றுவதற்கான உதவி அன்று.

மாற்றுவதற்கென வரும் பணமோ எங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஜவுளிக்கான உற்பத்தி ஊக்கத் திட்டம் செயற்கை இழைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும் உரியது. தொடக்கத்தில் குறைந்தபட்ச முதலீடே 100 கோடி ரூபாய்; 2025-இல்தான் அது 50 கோடியாகக் குறைந்தது. பி.எம். மித்ரா என்னும் மத்திய அரசின் ஜவுளிப் பூங்காக்கள் ஏழில் தமிழ்நாட்டுக்கு விருதுநகர் கிடைத்தது. ஆந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, குறிப்பிட்ட வேகத்துக்கு உட்பட்ட ரேப்பியர், ஏர்ஜெட் தறிகளுக்கான 7.5 விழுக்காடு இறக்குமதி வரியை நீக்கியது. நல்ல முடிவுதான். ஆனால் பெரியப்பா மகனின் தறியை எட்டு மாதம் நிறுத்தி வைத்தது தறியின் விலை அன்று, கஞ்சி. பக்கத்தில் கஞ்சி போடும் நல்ல சைசிங் ஆலையும் பாவு சுற்றும் வார்ப்பிங்கும் இல்லாத ஊரில் தறியை மட்டும் புதிதாக்குவது, உழாத நிலத்தில் உயர்ந்த விதையைப் போடுவது போன்றது. பவர்டெக்ஸ் திட்டத்திலேயே பொது வசதி மையத்துக்கும் நூல் வங்கிக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. தறிக்குத் தறி மானியம் கேட்டு வரிசையில் நின்ற நாங்கள், பத்துக் கூடங்கள் சேர்ந்து அந்தப் பிரிவுகளில் விண்ணப்பிக்கத் தவறினோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. எட்டுத் தறிக்கு உட்பட்டவர், கரை முக்கியமான துணியோ சாயத்துக்குப் போகும் கோராவோ நெய்பவர், பாவு நிறுத்தியும் லெட்-ஆஃபும் பிரேக்கும் கட்டாயம் பூட்டிக்கொள்ளலாம். பணம் குறைவாக இருந்தால் இரண்டு தறியில் தொடங்கலாம். பின்களை வாங்கும்போது கூடுதலாகச் சில நூறு கேட்டு வாங்கி வையுங்கள். பூட்டிக் கொடுப்பவர் உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவரா என்று பாருங்கள். ரேப்பியருக்கு மாற விரும்புபவர், தறிக்கு முன்பணம் கொடுக்கும் முன்னர், அதற்குரிய கஞ்சியில் பீம் தர யார் இருக்கிறார்கள், என்ன விலைக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் ஆறு கூடத்தார் சேர்ந்து, ஈரோட்டுக் கஞ்சி போட்ட பீம்களை ஒரே லாரியில் பொதுவாக வரவழைத்து, ஒரு பீமை எங்கள் சாதாத் தறியிலும் ஒன்றைப் பொதட்டூர்பேட்டை ரேப்பியரிலும் ஏற்ற ஏற்பாடு செய்திருக்கிறோம். எத்தனை முறை இழை அறுகிறது, பீமுக்கு வாடகை எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குள் கைக்கு வந்துவிடும். அதை இந்த மதிப்புரையின் கீழேயே சேர்க்கிறேன்.