சிஓபிடியில் தளரும் தசை: சாப்பாடா, புரதப் பானமா, பயிற்சியா?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடி மூச்சோடு நிற்பதில்லை, தொடைத் தசையையும் கரைக்கிறது. மூச்சு வாங்குமே என்று நடையைக் குறைக்கிறார்கள். தொடை மெலிகிறது. மெலிந்த தொடை சீக்கிரமே களைத்துப்போய் இன்னும் அதிகமாக மூச்சு வாங்க வைக்கிறது. முதுமையும் சேர்ந்துவிட்டால் இந்தச் சுழலில் இருந்து மீள்வது கடினம்.

சாப்பாட்டாலேயே சரிசெய்ய முடியுமா? நாள்பட்ட நோயுள்ள முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் வல்லுநர்கள் (சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது). 50 கிலோ எடை என்றால் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம்தான். வயிறு நிறைந்தால், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் அசைய இடமில்லாமல் மூச்சு திணறும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பால், பருப்பு என ஏதாவது ஒன்று இருக்கும்படி சாப்பிடுவதே நல்லது.

எடை ஏற்கெனவே இறங்கியவருக்கும், நாலு வாய் மென்றாலே களைத்துப்போகிறவருக்கும் புரதப் பானம் கைகொடுக்கும். ஆனால் அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் பயனில்லை, இரண்டு வேளைக்கு நடுவில் குடிக்க வேண்டும். மாவுச்சத்து எரியும்போது கரியமில வாயு கூடுதலாக வரும், அதை வெளியேற்ற நோயுற்ற நுரையீரல் திணறும் என்பதால் கொழுப்பு மிகுந்த பானங்களையும் விற்கிறார்கள். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனாலும் தேவைக்கு மேல் கலோரி போவதுதான் பெரிய சிக்கல். கொழுப்பு வயிற்றில் வெகுநேரம் தங்குவதால் அடுத்த வேளைக்குப் பசியும் எடுக்காது. இதற்குக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பயிற்சி இல்லாமல் இவை எல்லாம் எடையைக் கூட்டலாம், பலத்தை அவ்வளவாகக் கூட்டாது. நடக்க அஞ்சுகிறவர்கள்கூட எடைதூக்கும் பயிற்சியைச் செய்துவிடுகிறார்கள். சில தசைகள் மட்டும் கொஞ்ச நேரம் உழைத்து ஓய்வதால் மூச்சு அவ்வளவாக முட்டாது. நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். அப்புறம் மருத்துவரைக் கேட்டுச் சுமையை மெல்லக் கூட்டலாம். என் கணக்கில் சாப்பாடும் பயிற்சியும் முதலில், பானம் அப்புறம்தான். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால் மட்டும் முதலில் சாப்பாட்டைத் தேற்ற வேண்டும்.

எடை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.