பாரி இணையதளம்: பொறுமையாகப் படிப்பவர்களுக்கு

காலையில் செய்தி பார்க்கலாம் என்று போனைத் திறந்தால் முதலில் ஒரு விளம்பரம் வந்து மறைக்கும், அதை மூடினால் கீழே ஒரு வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும், நடுவில் நாலு வரிச் செய்தி, அதிலும் தலைப்பில் சொன்ன விஷயம் உள்ளே இருக்காது. இரண்டு வருடமாக நான் வைத்திருந்த செய்தி ஆப் இப்படித்தான் இருந்தது. அதைத் தூக்கிவிட்டேன். இப்போது நான் அதிகம் படிப்பது பாரி.

பீப்பிள்ஸ் ஆர்க்கைவ் ஆஃப் ரூரல் இந்தியா, அதாவது இந்தியக் கிராமப்புற மக்களின் ஆவணக் காப்பகம், என்பதன் சுருக்கம் அது. தி இந்து நாளிதழில் கிராமப்புறச் செய்திகளுக்கு ஆசிரியராக இருந்த பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கினார். படிக்கக் காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஒரே கட்டுரை பல இந்திய மொழிகளில் இருக்கிறது. நான் தமிழில் படித்ததைப் புனேயில் இருக்கும் தோழிக்கு மராத்தியில் அனுப்புவேன், அப்புறம் ராத்திரி போனில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ராமநாதபுரம் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எம். பழனிக்குமார் செய்திருக்கும் படக்கட்டுரையைக் கட்டாயம் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி. அச்சுப் பத்திரிகையில் இதற்கு ஒரு படமும் அரைப் பக்கமும் கிடைத்தாலே பெரிது. இங்கே அந்தப் பெண்களோடு தண்ணீருக்குள்ளேயே போகிறோம்.

என் மனதை முழுசாகப் பிடித்தது திரிகைப் பாடல்கள்தான். மகாராஷ்டிராவில் விடியற்காலையில் திரிகை சுற்றிக்கொண்டே பெண்கள் பாடிய ஓவி என்னும் மராத்தி நாட்டுப்பாடல்களை ஆய்வாளர்கள் ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வானும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். மாவு மில் வந்ததும் திரிகை மூலைக்குப் போனது, பாட்டும் கூடவே போயிருக்கும். அந்தத் தொகுப்பிலிருந்துதான் பாரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டிருக்கிறது. குரலைக் கேட்கலாம், வரிகளையும் மொழிபெயர்ப்பையும் படிக்கலாம், கீழே பாடியவரின் படம், பெயர், ஊர், வயது, எத்தனை பிள்ளைகள், என்ன தொழில், எந்தத் தேதியில் பதிவானது எல்லாம் இருக்கும். மாவு அரைத்த ஒரு பாட்டியின் பெயரை ஒரு பாடகிக்குப் போடுவதுபோல் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் பாட்டி உலக்கை போடும்போது பாடிய பாட்டில் ஒரு வரிகூட எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அன்றாடச் செய்திக்கு இது உதவாது, நேற்று சட்டசபையில் என்ன நடந்தது என்று தேடினால் கிடைக்காது. கட்டுரைகளும் நீளம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், திரிகைப் பாடல்களிலிருந்தே ஆரம்பிக்கலாம்.