அழகுக்கலை எங்கே படிப்பது: அரச வகுப்பா, கண்டி அகடமியா, டவுன் பார்லரா?

ஓ.எல். அல்லது ஏ.எல். முடித்துவிட்டு பார்லர் வேலைக்குப் படிக்கலாமா என்று யோசிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு மூன்று வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை மாதிரியான அரச நிறுவனங்களின் வகுப்புக்குப் போகலாம். கண்டியிலோ கொழும்பிலோ தனியார் அகடமியில் சேரலாம். இல்லையென்றால் ஹட்டன், பண்டாரவளை டவுன் பார்லர் ஒன்றில் சேர்ந்து வேலை செய்துகொண்டே பழகலாம். வீட்டில் பேச்சு என்னவோ "கோர்ஸ் எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடுகிறது.

அதைவிடப் பெரிய செலவு, படிக்கும் காலத்தில் வராமல் போகும் சம்பளம். 2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஒரு வருடம் முழுநேரமாகப் படித்தால் 360,000 ரூபா கைக்கு வராது. வகுப்பு இலவசமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அகடமி என்றால் இதற்கு மேல் கோர்ஸ் காசு, போர்டிங், சாப்பாடு, சொந்தமாக வாங்க வேண்டிய பிரஷ், கத்தரிக்கோல், மேக்கப் பொருட்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துச் சேர்ந்தால் வட்டியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அரச வகுப்பில் செலவு குறைவு. முடித்தால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அது நாடு முழுக்கச் செல்லும், வெளிநாட்டு வேலைக்கும் உதவும். குறை என்னவென்றால், வகுப்பில் பிள்ளைகள் நிறைய, கை வைத்துப் பழக வாடிக்கையாளர் குறைவு. ஒருவர் தலையை மற்றவர் மாற்றி மாற்றிச் செய்வதில் ஓரளவுக்குத்தான் கை திரும்பும். பக்கத்து நிலையத்தில் தமிழில் நடத்துகிறார்களா என்பதையும் சேருமுன்பே கேளுங்கள். சிங்களம் பேசத் தெரிவது வேறு, கெமிக்கல் பாடத்தைச் சிங்களத்தில் எழுதுவது வேறு.

அகடமிகளில் சொல்லிக்கொடுப்பது நன்றாகவே இருக்கும். முடிக்கு நிறம் போடுவது, மணப்பெண் அலங்காரம், புதிய பொருட்கள் எல்லாம் அங்கேதான் முறையாகப் பழகக் கிடைக்கும். சிலவற்றில் சிட்டி அண்ட் கில்ட்ஸ், சிடெஸ்கோ போன்ற வெளிநாட்டுச் சான்றிதழும் உண்டு. ஆனால் "அரசில் பதிவு செய்த நிறுவனம்" என்ற போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் வாங்குவது இன்னொன்று. இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை மழுப்பினால் பஸ் ஏறிவிடலாம்.

அமெரிக்காவில் மாநிலம் சொல்லும் மணித்தியாலம் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்காமல் ஒருவர் தலையில் கத்தரி வைக்க முடியாது. பல மாநிலங்களில் 1,000 மணித்தியாலத்துக்கு மேல். அங்கே பள்ளிக் கட்டணம் தொழிலுக்குள் நுழையும் டிக்கெட். நம்மூரில் வாடிக்கையாளர் யாரும் சுவரில் தொங்கும் சான்றிதழை வாசிப்பதில்லை. போன கல்யாணத்தில் பொண்ணு எப்படி இருந்தாள் என்றுதான் பார்க்கிறார்கள். பெரிய பணம் கட்டி டிப்ளோமா வாங்கும்போது இதை மறந்துவிடக்கூடாது.

சரி, டவுன் பார்லர். முதல் சில மாதம் கூட்டுவது, துவாய் கழுவுவது, ட்ரையர் பிடிப்பது. பல இடங்களில் பஸ் காசு மாதிரி ஏதோ தருவார்கள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பேச்சே இருக்காது. ஆனால் 10ஆம் திகதி தோட்டச் சம்பளம் போட்ட பிறகு வரும் சனி ஞாயிறு பாருங்கள். ஐப்ரோவுக்கே வரிசை நிற்கும். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு, தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் முடியை எடுக்கும் வேகம் அந்தக் கூட்டத்தில்தான் வரும். நுவரெலியாப் பக்கம் குளிரில் வாக்ஸ் எவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது, சுடுதண்ணீர் இல்லாமல் ஒருவரும் தலை கழுவ உட்காரமாட்டார்கள், அதற்கு கரண்ட் பில் எவ்வளவு ஏறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆனால் முடியை நேராக்கும் ரீபொண்டிங் போன்ற கெமிக்கல் வேலையை முதலாளியக்கா லேசில் கையில் தரமாட்டார். பிழைத்தால் முடி கருகும், பொருளும் விலை. பக்கத்துத் தெருவில் நீங்களே கடை போட்டுவிடுவீர்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு, அதுவும் நியாயமான பயம்தான்.

வருமானத்தில் கல்யாணமும் மஞ்சள் நீராட்டும்தான் முதுகெலும்பு. ஒரு கணக்குக்கு, மணப்பெண் அலங்காரத்துக்கு 30,000 ரூபா பேசி, வேன், பூ, பொருள், உதவிக்கு வரும் பிள்ளை என்று 12,000 கழித்தால் மிச்சம் 18,000. ஐப்ரோ 300 ரூபா என்றால் அதே காசுக்கு 60 பேர் வர வேண்டும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். அதனால் தமிழ் மணப்பெண்ணோடு நிற்காமல் ஒசரி எனும் கண்டிய முறைச் சேலை கட்டி கண்டிய மணப்பெண் அலங்காரம் செய்யவும் பழகுவது நல்லது. நம் மார்கழி, சிங்கள வீடுகளுக்குக் கல்யாணத்தை நிறுத்தும் மாதமல்ல.

என் கணக்கில், தமிழில் நடக்கும் அரச வகுப்பு பஸ் தூரத்தில் இருந்தால் அதுவே முதல் தெரிவு. இல்லாவிட்டால் டவுன் பார்லர், அதுவும் சம்பளத்தையும் எந்த மாதத்திலிருந்து என்ன சொல்லித்தருவார்கள் என்பதையும் முதலிலேயே பேசிவிட்டு. கையில் காசு சேர்ந்த பிறகு மணப்பெண் அலங்காரத்துக்கு மட்டும் அகடமியில் குறுகிய கோர்ஸ் ஒன்று போதும். நீண்ட டிப்ளோமா, வீட்டில் ஏற்கனவே பார்லர் வைத்திருப்பவர்களுக்கும் கொழும்பிலேயே தங்கித் தொழில் செய்யப் போகிறவர்களுக்கும் சரிவரும். கடன் வாங்கிச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பார்லரில் பழகியவர்களும் என்.வி.கியூ. வாங்கலாம். வேலை அனுபவத்தைக் காட்டி விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டச் சொல்வார்கள். அதற்கு முதலாளியின் கடிதமும் செய்த வேலைகளின் படங்களும் தேவைப்படும். கடிதத்தை அங்கிருந்து விலகுவதற்கு முன்பே, நல்ல உறவில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.