காது இரைச்சலுக்கு ஒலிப் பயிற்சி: ரீசவுண்ட் ரிலீஃப் செயலி எப்படி?

அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது இரண்டு காதிலும் ஓயாமல் 'ங்கொய்' என்று ஒரு இரைச்சல், அதுவும் ராத்திரி மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் அடங்கிய பிறகு தூக்கமே வராது. அவருக்காகத்தான் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தோம். இலவசப் பதிப்பே போதும். மழை, அலை, காற்று என்று ஒலிகளைக் கலந்து நமக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளலாம், கூடவே மூச்சுப் பயிற்சியும் இருக்கிறது. ஆங்கில மெனு அப்பாவுக்கு ஓடாது, அதனால் ஒருமுறை வீட்டுப் பிள்ளைகள் யாராவது உட்கார்ந்து செட் செய்து தர வேண்டும்.

முக்கியமான விஷயம் சத்த அளவு. நிறைய பேர் இரைச்சல் கேட்காமல் போகும் அளவுக்கு மழைச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அது அந்த நேரத்துக்கு மட்டும் சுகம், நிறுத்தியதும் பழையபடிதான். காது இரைச்சல் ஆய்வாளர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த கருத்தை ஒட்டி வளர்ந்த பயிற்சி முறை வேறு மாதிரி: இரைச்சலை மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்வதுதான் தொல்லையே, அதனால் ஒலியை இரைச்சலுக்குச் சற்றுக் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துக் கேட்டுக் கேட்டு மூளை அதைச் சட்டை செய்யாமல் விடப் பழக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், கூடவே முறையான ஆலோசனையும் வேண்டும். செயலியால் தர முடியாதது அந்த ஆலோசனைதான். அப்பாவுக்கு இரைச்சல் போகவில்லை, ஆனால் அதைப் பற்றிப் புலம்புவது குறைந்துவிட்டது, தூங்குகிறார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இதே விஷயத்துக்கு ஒரு காது கருவிக் கடையில் 'கண்டிப்பாகக் குணமாகும்' என்று சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். தயவுசெய்து அந்த வாக்குறுதியை நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். மேலே சொன்ன பயிற்சி முறையைச் சோதித்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஆய்வில் 151 பேரை 18 மாதம் கவனித்தார்கள்: காதில் மெல்லிய ஒலி தரும் நிஜக் கருவி போட்டவர், போலிக் கருவி போட்டவர், வழக்கமான சிகிச்சை பெற்றவர், மூன்று தரப்புமே ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். தேறினார்கள் என்பது நல்ல செய்தி, ஆனால் விலை கூடிய கருவிதான் வேண்டும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

முதலில் செவித்திறன் சோதனை எடுங்கள். கேட்கும் திறன் குறைந்திருந்தால் சாதாரணக் காது கருவியே வெளிச் சத்தங்களை உள்ளே கொண்டுவந்து இரைச்சலை அமுக்கிவிடுவது உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். ஆலைச் சத்தத்தால் செவி கெட்டது என்று உறுதியானால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில்சார் நோயாக விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, இதைத் தோட்டத்து ஆட்கள் பலர் கேட்பதே இல்லை.

அப்புறம் ஒன்று, ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், இதெல்லாம் செயலி வேலையில்லை, டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.