கோத்தகிரிக் கரடிக்கு எந்த மூளை?

நாம் எழுதப்போகும் கணினி விளையாட்டின் களம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். மேலே சோலை, நடுவில் தோட்டம், கீழே ரோட்டோரம் ஒரு டீக்கடை. பாத்திரங்கள் மூன்று: தோட்டத்தில் மேயும் காட்டெருமை, டீக்கடைக்காரர், இருட்டினதும் எண்ணெய் வாசனை பிடித்து இறங்கி வரும் கரடி. எப்போது என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நிரல்தான் ஒரு பாத்திரத்தின் மூளை. மூன்றுக்கும் ஒரே முறையில் மூளை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் பாதி வேலை வீணாகும்.

காட்டெருமைக்கு ஸ்டேட் மெஷின் தாராளம்; ஒரு நேரத்தில் ஒரே நிலையில் இருந்து, விதி சொன்னதும் அடுத்த நிலைக்குத் தாவும் முறை அது. மேய்தல், தலை நிமிர்ந்து பார்த்தல், சீறுதல், விரட்டுதல், விலகிப் போதல் என்று ஐந்தே நிலைகள். 1980இல் வந்த பேக்-மேன் பேய்கள் இதைவிட எளிய விதிகளில்தான் ஓடின. ஒன்று ஆடுபவர் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும், இன்னொன்று அவர் முகம் பார்க்கும் பக்கம் நான்கு கட்டம் தள்ளிக் குறிவைக்கும். அதற்கே ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

இதில் வழக்கமாக வரும் பிழை எல்லைக்கோட்டில் நிற்கிறது. 30 மீட்டருக்குள் ஆள் வந்தால் நிமிர், தாண்டினால் மேய் என்று ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுத்தால், ஆடுபவர் அந்தக் கோட்டில் நிற்கும்போது காட்டெருமை தலையாட்டிப் பொம்மையாகிவிடும். நிமிர்வதற்கு 30, மறுபடி மேய்வதற்கு 40 என்று இரண்டு எண் வையுங்கள். பனிமூட்டம் இறங்கினால் பார்வைத் தூரத்தை மட்டும் குறையுங்கள். மோப்பத்தையும் காதையும் தொட வேண்டாம். மூட்டத்துக்குள் எங்கிருந்தோ ஒரு சீறல் கேட்பதுபோல் திகில் வேறு இல்லை, அது இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

நிலைகள் பெருகினால்தான் ஸ்டேட் மெஷின் திணறும். ஐந்து நிலைகளுக்கு இடையே அதிகபட்சம் 20 தாவல்கள், பத்தானால் 90.

கடைக்காரர் அந்தப் பத்தைச் சுலபமாகத் தாண்டுவார். அடுப்பு பற்றவைப்பார், டீ ஆற்றுவார், வர்க்கி எடுத்துக் கொடுப்பார், கல்லாவைப் பார்ப்பார், கரடி வந்தால் கதவைச் சாத்துவார். வரிசையும் முன்னுரிமையும் உள்ள இந்த மாதிரி வேலைக்கு, செயல்களைக் கிளைகளாக அடுக்கி முதல் கிளையிலிருந்து வரிசையாகப் பார்க்கும் பிஹேவியர் ட்ரீ பொருந்தும். 2004இல் வந்த ஹேலோ 2 விளையாட்டு இதைப் பரவலாக்கியது. விளையாட்டு உருவாக்கும் இன்ஜின்களில், அன்ரியலில் இது உள்ளேயே இருக்கிறது. கோடோவில் லிம்போஏஐ, பீஹேவ் போன்ற ஆட்-ஆன்கள் உண்டு. ஆபத்தைக் கவனிக்கும் கிளை முதலில், கடை வேலை அடுத்து, சும்மா நிற்பது கடைசியில்.

பாதியில் அறுபடும் கிளைதான் தலைவலி. டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது கரடி வந்தால் ஆபத்துக் கிளை முந்திக்கொள்ளும். கையிலிருந்த கிளாசை யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லை. கடைக்காரர் கிளாசோடு ஓடுவார், திரும்பி வந்து இரண்டாவது கிளாசை அதே கையில் எடுப்பார். ஒவ்வொரு செயலுக்கும் முடிவு வேலை, கைவிடும் வேலை என்று இரண்டும் எழுதியே ஆகவேண்டும். கைவிடும் வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இனி கரடி. பசிக்கிறது, ஆனால் ஆள் நிற்கிறது. எண்ணெய் மணக்கிறது, ஆனால் பக்கத்திலேயே கரையான் புற்று. இப்படி இழுபறியில் வாழும் பாத்திரத்துக்கு பிஹேவியர் ட்ரீ போதாது. யூட்டிலிட்டி முறை வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை. 2000இல் வந்த தி சிம்ஸ் விளையாட்டில் பொருட்களே தாம் எந்தத் தேவையைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தன. அதே வழியில் எண்ணெய் டின்னே தன் வாசனையைப் பரப்பட்டும். கரடியின் நிரலுக்குள் டின்னின் பெயர்கூட இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு பலாப்பழத்தை வைத்தாலும் கரடி தானே வரும்.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கடைக்குப் போகப் பசி 0.8, வாசனை 0.8, ஆளில்லாமை 0.8; பெருக்கினால் 0.512. புற்றைத் தோண்டப் பசி 0.8, அருகாமை 0.7; பெருக்கினால் 0.56. கடையின் எண்கள் எல்லாமே நன்றாக இருந்தும் புற்று ஜெயிக்கிறது, காரணம் கடைக்கு ஒரு காரணி கூடுதல், அவ்வளவே. பெருக்கல் சராசரி, அதாவது மூன்று காரணி என்றால் பெருக்கலின் கனமூலம், இரண்டு என்றால் வர்க்கமூலம், எடுத்தால் கடைக்கு 0.8, புற்றுக்குச் சுமார் 0.75. இதைச் சரிசெய்யாமல் எண்களைத் திருகிக்கொண்டே வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம்.

அடுத்தது தள்ளாட்டம். இரண்டு மதிப்பெண்களும் நெருங்கி இருந்தால் கரடி நாலடி கீழே, நாலடி மேலே என்று அலையும். நடந்துகொண்டிருக்கும் செயலின் மதிப்பெண்ணை 1.2ஆல் பெருக்குங்கள், முடிவை ஃப்ரேமுக்கு (திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) ஒருமுறை எடுக்காமல் அரை வினாடிக்கு ஒருமுறை எடுங்கள். வினாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடும் விளையாட்டுக்கு ஒரு ஃப்ரேமில் கிடைப்பதே 16.7 மில்லிவினாடி, அதில் மூளைக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். ஆகவே இது செலவையும் குறைக்கும்.

மலைக்கே உரிய பிழை வேறொன்று. அருகாமையை நேர்கோட்டில் அளந்தால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடை நடந்தால் ரொம்பத் தொலைவு. யூனிட்டி இன்ஜினில் பாத்திரங்கள் நடக்கக்கூடிய தரையைக் குறிக்கும் நேவ்மெஷ் தானாக 45 பாகைச் சரிவு வரைதான் ஏறவிடும். அதைவிடச் செங்குத்தான இடத்தைச் சுவராக நினைத்து, கரடி ரோட்டோடு போய் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் மாதிரி திரும்பும். கரடிக்குச் சரிவு வரம்பை உயர்த்துங்கள், தேயிலைச் செடிகளுக்குள் நடக்கும் செலவை மனிதருக்கு 5, கரடிக்கு 1.2 என்று பிரித்து வையுங்கள், அருகாமையைப் பாதை நீளத்தால் அளங்கள்.

இலக்கைக் கொடுத்தால் படிகளைத் தானே கோர்க்கும் கோப் (GOAP) முறையைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். 2005இல் ஃபியர் விளையாட்டில் ஜெஃப் ஆர்கின் செய்தது அழகான வேலை; ஸ்டேட் மெஷினை மூன்றே நிலைகளுக்குச் சுருக்கி, மற்றதைத் திட்டமிடலிடம் விட்டார். ஆனால் அந்த வீரர்கள் புத்திசாலிகளாகத் தெரிந்ததில் பாதி, அவர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்ட வசனத்தால். கதவைத் தள்ளு, முடியாவிட்டால் ஜன்னல் என்ற இரண்டு படிக்காக நம் கரடிக்கு இது அதிகம்.

தானே கற்கும் முறை இன்னும் தூரம். யூனிட்டியின் பழக்கும் கருவியான எம்எல்-ஏஜென்ட்ஸில் பழக்க லட்சக்கணக்கான படிகள் ஓட வேண்டும், ஒரு வேலியை நகர்த்தினால் மறுபடி பழக்க நேரலாம். அடிபடாமல் இருந்தால் பரிசு என்று சொல்லிவிட்டால், கரடி சோலையை விட்டு வெளியே வராது. நாம் சொன்னதைத்தான் அது செய்கிறது. கடைக்காரர் வாயில், கேட்டதற்குத் தானே வாக்கியம் அமைக்கும் மொழி மாதிரியைப் பொருத்துவதும் ஆசை காட்டும் வேலை. பதில் வர ஒன்றிரண்டு வினாடி, விளையாட்டில் இல்லாத பஸ்ஸுக்கு நேரம் சொல்வார், அதுவும் "தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று. "என்னண்ணா, டீயா?" என்று கையால் எழுதிய நாற்பது வரி அதைவிட உயிரோடு இருக்கும்.

அப்படியானால் மாறிக்கொள்ளும் குணம் எங்கிருந்து வரும்? ஒரு சின்ன நினைவுப் பட்டியல் போதும். இடத்துக்கு ஒரு எண்: கடையில் எண்ணெய் கிடைத்தால் 0.2 கூட்டு, டார்ச் அடித்து விரட்டினால் 0.3 கழி, ஒவ்வொரு விளையாட்டு நாளும் 0.9ஆல் பெருக்கு. ஒரு வாரம் எதுவும் நடக்காவிட்டால் நினைவு பாதிக்கும் கீழே இறங்கும். எண் 0.9ஐத் தாண்டவிடாதீர்கள், இல்லையேல் கரடி கடைவாசலிலேயே குடியிருக்கும். இந்தப் பட்டியலை சேவ் ஃபைலில் எழுத மறந்தால், மறுநாள் விளையாட்டைத் திறக்கும்போது கரடிக்கு எல்லாம் மறந்திருக்கும்.

கற்றது கண்ணில் படவும் வேண்டும். இரண்டுமுறை கரடி வந்தபின் கடைக்காரர் ஆறு மணிக்கே டின்னை உள்ளே தூக்கி வைக்கட்டும். டின் இல்லாத திட்டில் கரடி மூக்கை வைத்து நின்று, பின்னங்காலில் எழுந்து மோப்பம் பிடிக்கட்டும். இந்த இரண்டு அசைவுகளுக்கு அனிமேஷன் செய்ய ஆளில்லை என்றால் நினைவுப் பட்டியலையே எழுத வேண்டாம்.

சோதிக்கும்போது கரடியின் தலைக்கு மேல் முதல் மூன்று செயல்களையும் அவற்றின் மதிப்பெண்களையும் எழுத்தாகக் காட்டுங்கள். அது ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு விடை பெரும்பாலும் இரண்டாவது வரியில் இருக்கும்.