கசடு வாயு எஞ்சினா, சோலார் பேனலா: கழிவுநீர் நிலையத்துக்கு எது பொருந்தும்?

நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நகராட்சி நிலையம் ஒன்றில் மின்கட்டணத்தைக் குறைக்க வழி தேடியபோது, எங்கள் முன் இரண்டு திட்டங்கள் இருந்தன. டைஜெஸ்டர் எனப்படும் கசடு செரிப்பானில் உண்டாகும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுப்பது ஒன்று. வளாகத்தில் சோலார் பேனல்களை நிறுவுவது மற்றொன்று. நாங்கள் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதப்படுகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டுமே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதையும், ஒரு கிலோவாட்டுக்கான முதலீடு சோலாரில் குறைவு என்பதையும், அதைச் சில மாதங்களில் நிறுவி முடித்துவிடலாம் என்பதையும் விளக்கத் தேவையில்லை. அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நிலையத்தின் மின்தேவை எப்படிப்பட்டது என்பதிலிருந்துதான் வேறுபாடு தொடங்குகிறது. நுண்ணுயிர்களுக்குக் காற்றூட்டி அழுக்கைச் செரிக்கவைக்கும் உயிர்ப்புக் கசடு முறையில் இயங்கும் நிலையங்களில் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைக் காற்றூட்டும் புளோயர்களே எடுத்துக்கொள்கின்றன. அவை இரவிலும் நிற்பதில்லை. பத்து லட்சம் லிட்டருக்குச் சுமார் 200 யூனிட் என்று கொண்டால், எங்கள் அளவிலான நிலையத்துக்கு நாளொன்றுக்கு 6,000 யூனிட் வேண்டும். அதே பத்து லட்சம் லிட்டரிலிருந்து கிடைக்கும் கசடு சுமார் 70 கன மீட்டர் வாயுவைத் தரும் என்றும், ஒரு கன மீட்டர் வாயு எஞ்சினில் எரிந்து சுமார் 2 யூனிட் தரும் என்றும் திட்டக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். கழிவுநீரின் அடர்த்தியைப் பொறுத்து இது கூடும், குறையும். மழைக்காலத்தில் நீர்த்துப்போய்க் குறைவது வழக்கம். சராசரியாக 4,200 யூனிட், அதாவது தேவையில் பத்தில் ஏழு பங்கு. இதே அளவைச் சோலாரில் எடுக்க வேண்டுமானால், தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற பொதுவான கணக்கின்படி, ஒரு மெகாவாட்டுக்குச் சற்று அதிகமான பேனல்கள் தேவை. அதற்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். அந்த நிலம் எங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நகரம் வளரும்போது அடுத்த சுத்திகரிப்பு அலகு கட்டுவதற்கென ஒதுக்கிய நிலம்.

தொட்டிகளின் மேலேயே பேனல்களை அமைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. காற்றூட்டத் தொட்டியின் அடியில் காற்றைக் குமிழ்களாக வெளியிடும் டிஃப்யூசர்களைப் பழுதுபார்க்க கிரேன் வந்து நிற்க வேண்டும். மேலே கூரை போட்டுவிட்டால் அது நடக்காது. தொட்டிகளிலிருந்து எழும் ஈரமும் துர்வாயுவும் இரும்புச் சட்டங்களை விரைவில் அரித்துவிடும் என்பதை, அங்குள்ள கைப்பிடிக் கம்பிகளைப் பார்த்தாலே அறியலாம்.

இனிப் பராமரிப்பு. எங்கள் விவாதத்தில் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டதும் முடிவைத் தீர்மானித்ததும் இதுதான். சோலாருக்கு ஆதரவாக வைக்கப்பட்ட வலுவான வாதம், பேனலைக் கழுவுவதும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்றுவதும் தவிர அதற்கு வேறு வேலையில்லை, வாயுத் திட்டமோ செரிப்பான், கலக்கி, வாயுக் கொள்கலன், வாயுவைச் சுத்தம் செய்யும் ஸ்க்ரப்பர், எஞ்சின் என்று ஒரு தொழிற்சாலையையே சுமக்கிறது என்பதாகும். முதல் பார்வைக்கு இது மறுக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலில் முதல் மூன்றும் மின்சாரத்துக்காக வந்தவை அல்ல. கசடை நிலைப்படுத்தாமல் வெளியே அனுப்ப முடியாது என்பதால் செரிப்பான் எப்படியும் ஓடித்தான் ஆக வேண்டும். அதில் உண்டாகும் வாயுவை எப்படியும் பிடித்து எரித்துத்தான் ஆக வேண்டும், ஏனெனில் நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் அதிலுள்ள மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. சோலாரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் செரிப்பானின் மணலை வாரவும் கலக்கியின் பேரிங்கை மாற்றவும் ஆள் வேண்டியிருந்திருக்கும். ஆகவே எஞ்சினின் கணக்கில் எழுத வேண்டியவை ஸ்க்ரப்பரும் எஞ்சினும் மட்டுமே. செரிப்பானின் செலவையும் சேர்த்து வாயு மின்சாரத்தின் மேல் ஏற்றும் ஒப்பீடுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவை தவறான கணக்குகள்.

ஆனால் அந்த ஸ்க்ரப்பரை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. கசடு வாயுவில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. இவற்றோடு ஹைட்ரஜன் சல்பைடும் வருகிறது. நிலத்தடி நீரில் உவர்ப்பு ஏறிய கடலோர ஊர்களில் நீரிலுள்ள சல்பேட் செரிப்பானுக்குள் சல்பைடாக மாறுவதால் இதன் அளவு பத்து லட்சத்தில் சில ஆயிரம் பங்குவரை செல்லக்கூடும். எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஏற்பதோ சில நூறு பங்கு மட்டுமே. சுத்தம் செய்யாத வாயுவை எரித்தால் கந்தக அமிலம் உருவாகி எஞ்சின் ஆயிலின் காரத்தன்மையைத் தின்றுவிடும். அடுத்துப் பேரிங்குகள், அதன்பின் புகைபோக்கியில் உள்ள வெப்பமாற்றி என்று வரிசையாகச் சேதம் தொடரும். காரக் கரைசலில் கழுவுவது, நுண்ணுயிர்களைக் கொண்டு சல்பைடைக் கந்தகமாக்குவது, இரும்பு ஆக்சைடு படுகையில் வடிகட்டுவது எனப் பல வழிகள் உள்ளன. நாங்கள் நுண்ணுயிர் முறையை ஏற்றோம், ஏனெனில் அதில் ரசாயனச் செலவு குறைவு. ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்கும் காற்று, ஈரம், ஊட்டம் ஆகியவை அளவோடு வேண்டும். சில நாட்கள் கவனிக்காமல் விட்டாலும் வாயுவின் தரம் இறங்கிவிடும்.

எனவே, எஞ்சினை வாங்கும் ஒப்பந்தத்தோடு ஸ்க்ரப்பரின் பொறுப்பையும் அதே நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. ஸ்க்ரப்பர் ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பழுதுக்கும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஓடிய மணி நேரத்துக்குக் கட்டணம், ஆயில் பரிசோதனை அறிக்கை கட்டாயம், வாயுவின் சல்பைடு அளவைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், சோலாரைத் தேர்ந்தெடுப்பதே மேல். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கு இடங்களில் 2005, 2006 ஆண்டுகளில் தொடங்கப்பட்ட நிலையங்கள் கசடு வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே இது நம் ஊருக்குப் புதிய தொழில்நுட்பம் என்ற தயக்கம் பொருளற்றது.

ஷாம்பு, அழகுப் பொருட்கள் வழியாக வரும் சிலோக்சேன்கள் என்ற சிலிக்கான் சேர்மங்கள் எஞ்சினுக்குள் எரிந்து வால்வுகளில் வெண்மையான சிலிக்காவாகப் படியும் சிக்கலைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. எங்கள் எஞ்சினில் அது இதுவரை பெரிதாகத் தென்படவில்லை, ஆனால் முழு ஓவர்ஹால் இன்னும் வரவில்லை என்பதால் சிலிண்டர்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறக்கும்போதுதான் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குச் சாதகமாக ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும் இன்னொரு காரணத்தையும் இங்கே பெரிதுபடுத்த மாட்டேன். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெப்பமாகக் கிடைக்கிறது. குளிர்நாட்டில் செரிப்பானை 35 பாகையில் வைத்திருக்க அது பெரும் வரம். நம் கழிவுநீர் உள்ளே வரும்போதே 30 பாகையை ஒட்டி இருப்பதால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகவே போகிறது.

சோலார் ஐயமின்றி வெல்லும் இடங்களும் உண்டு. ஒரே தொட்டியில் காற்றூட்டலும் படியவைத்தலும் மாறி மாறி நடக்கும், அண்மைக் காலத்தில் பரவலாகிவரும் எஸ்பிஆர் வகை நிலையங்களில், வாயு அதிகம் தரும் கசடைப் பிரித்தெடுக்கும் முதன்மைப் படிவுத் தொட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. கசடும் நீண்ட காற்றூட்டலிலேயே பாதி செரித்துவிடுகிறது. அங்கே வாயுவை எதிர்பார்ப்பது வீண். குடிநீர் நிலையங்களின் கசடிலும் வாயு தரக்கூடிய கரிமப் பொருள் மிகக் குறைவு என்பதால் அவற்றுக்கும் சூரியனே வழி. சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் திறக்கப்பட்ட 60 மெகாவாட் மிதவை சோலார், அந்நாட்டின் ஐந்து நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஈடான மின்சாரத்தைத் தருகிறது. நீர் விழுவதற்குப் போதிய உயரம் கிடைத்தால் டர்பைன் வைக்கலாம். ஜோர்டானின் அஸ் சம்ரா நிலையம் கசடு வாயுவோடு அதையும் பயன்படுத்துகிறது. எங்கள் தட்டையான நிலத்தில் அதைப் பேசிப் பயனில்லை.

நடைமுறையில் எனக்கு மிகவும் உதவியாக இருப்பது வாயுக் கொள்கலன்தான். உயரழுத்த நுகர்வோருக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணம் விழுகிறது; கொள்கலனில் சில மணி நேர வாயுவைத் தேக்கிவைத்து, மாலை ஆறு மணிக்குமேல் எஞ்சினை முழுச் சுமையில் ஓட்டுகிறோம். அலுவலகக் கட்டடத்தின் கூரையில் சிறிய அளவில் சோலாரும் அமைத்திருக்கிறோம். அது பகலில் விளக்குகளையும் ஆய்வகத்தையும் கவனித்துக்கொள்கிறது, மாலையில் ஓய்ந்துவிடுகிறது.