வேலூர் வெயிலுக்கு ஒரு கேமிங் பிசி: பெங்களூரு கம்பெனியில் கட்டி வாங்கிய அனுபவம்

கேமிங் கம்ப்யூட்டர் கட்டித் தருவதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் பெங்களூரு கம்பெனி ஒன்றிடம் போன வருஷம், அதாவது 2025-ல், கோடைக்குச் சற்று முன்னால் ஒரு பிசி வாங்கினேன். ஒரு முழுக் கத்திரியையும் அதற்குப் பிறகு வந்த மழைக்காலக் கரண்ட் கட்டையும் அது பார்த்துவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். கொடுத்த காசுக்குத் திருப்தி. ஆனால் உள்ளே இருக்கும் பார்ட்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவைதான், அதில் தனியாகப் பாராட்ட ஒன்றுமில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது, பணம் வாங்குவதற்கு முன்னால் அவர்கள் கேட்ட கேள்விகள்.

வேறு இரண்டு மூன்று இடங்களிலும் விசாரித்தேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, "சார், பட்ஜெட் எவ்வளவு?" இவர்கள் பட்ஜெட்டையும் கேட்டார்கள், ஆனால் அதற்கு முன்னால் பிசி வைக்கப்போகும் அறை எந்த மாடி, அதற்கு மேலே மொட்டை மாடியா, ஏசி உண்டா, மே மாத மதியத்தில் விளையாடுவீர்களா, வீட்டில் இன்வர்ட்டரா யூபிஎஸ்ஸா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பேசியவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். வேலூர் என்றதும் "அப்போ கேபினெட்டை முதல்ல முடிவு பண்ணிக்கலாம் சார், கார்டு அப்புறம்" என்றார். கேபினெட் என்பது பார்ட்ஸ் எல்லாம் உட்காரும் பெட்டி, கார்டு என்பது கேமின் காட்சிகளை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். பெங்களூருவில் 26 டிகிரி அறையில் 70-ல் நிற்கும் கார்டு, நம் ஊரில் மாடி அறை 38 டிகிரியில் இருக்கும்போது 82-க்குப் போகும். யூடியூப் விமர்சனங்களில் பெரும்பாலும் ஏசி அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள், அந்த எண்களை நம்பி சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ பிசி கட்டினால் மே மாதம் ஃபேன் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

நான் ஆசைப்பட்டது முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி வைத்த, உள்ளே விளக்கு எரியும் கேபினெட். பார்க்க அழகுதான், ஆனால் கண்ணாடி வழியாகக் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டார், நியாயமான கேள்வி. முன்பக்கம் முழுக்க வலை போட்ட கேபினெட், முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று, கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி என்று மாற்றிக்கொண்டோம். 360 எம்எம் வாட்டர் கூலர் போடலாமா என்று கேட்டதற்கு, விற்றால் அவர்களுக்குத்தான் லாபம், இருந்தும் வேண்டாம் என்றார்கள். எடுத்த ப்ராசசர் ஏஎம்டியின் ரைசன் 5 7600, 65 வாட் சிப். அதற்கு நல்ல டவர் கூலர் ஒன்று தாராளமாகப் போதும். கூடவே வரும் சின்ன கூலரும் வேலை செய்யும்தான், ஆனால் நம் வெயிலுக்கு அது வேண்டாம், அந்த இரண்டாயிரம் மூவாயிரத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்றார்.

இன்டெல் 14-ம் தலைமுறை ஐ7 பக்கமும் எனக்கு ஒரு கண் இருந்தது. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் வோல்டேஜ் கூடுதலாகப் போய் சிப் கெட்டுப்போகும் பிரச்சனை 2024-ல் பெரிதாக வெடித்தது, இன்டெலே ஆகஸ்டில் மைக்ரோகோடு (சிப்புக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள்) திருத்தம் விட்டு, பாதிக்கப்பட்ட சிப்புகளுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. திருத்தம் வந்துவிட்டது, வாங்கலாம், ஆனால் சூடான அறைக்குக் குறைந்த வாட் சிப்பை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை கார்டில் போடுங்கள் என்பது அவர்கள் யோசனை. அப்படித்தான் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்குப் போனேன். 12 ஜிபி மெமரி, 250 வாட். 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஃபைல்களை வைக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் 750 வாட் எஸ்எம்பிஎஸ். எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டியோடு ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது, மானிட்டர் தனி.

இதையே ரிச்சி தெருவில் அலைந்து வாங்கியிருந்தால் எட்டாயிரம் ரூபாய் போல மிச்சமாகியிருக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து பக்கம்தான். நேரமும் அனுபவமும் இருப்பவர்கள் தாராளமாக அப்படிச் செய்யலாம், நானே நண்பர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். சிக்கல் எங்கே வரும் என்றால், பிசி ஒரு நாள் ஆன் ஆகவில்லை, எந்தப் பார்ட் போச்சு என்று யார் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி கம்பெனி வாரண்டி, மாற்றிப் பார்க்க வீட்டில் இன்னொரு கார்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ யாரிடமும் இருக்காது. கட்டிக் கொடுக்கும் கம்பெனி அந்தத் தலைவலியை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. எட்டாயிரம் அதற்கான கூலி. எனக்குக் கட்டுபடியானது.

குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் அனுப்பிய கொட்டேஷனில் "750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்", "1 டிபி ஜென் 4 எஸ்எஸ்டி" என்று மட்டும்தான் இருந்தது, என்ன கம்பெனி, என்ன மாடல் என்று ஒரு வார்த்தை இல்லை. இதை எந்தக் கம்பெனி செய்தாலும் ஒப்புக்கொள்ளவே கூடாது. கோல்டு என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது, இரண்டு கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கலாம். கேட்ட பிறகு மாடல் எண்ணோடு கொடுத்தார்கள், கேட்காதவர்களுக்கு என்ன போடுகிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அதேபோல் பில்லிலும் "கஸ்டம் பிசி - 1" என்று ஒற்றை வரியாகப் போடாமல் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரையும் போடச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனி நாளைக்கு இல்லாமல் போனாலும் கார்டு கம்பெனியிடம் நேராக வாரண்டி கேட்க அந்த பில்தான் ஆதாரம். பார்ட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு மதர்போர்டு பெட்டி மட்டும்தான் வந்தது, மற்றவற்றுக்குத் திரும்பத் திரும்ப மெயில் போட வேண்டியிருந்தது.

சொன்ன தேதிக்கு வரவும் இல்லை. 5070 வந்ததே மார்ச்சில்தான், அப்போது இந்த வரிசைக் கார்டுகளுக்கு எல்லா இடத்திலும் தட்டுப்பாடு, அது அவர்கள் கையில் இல்லை. ஆனால் தாமதம் என்று நானாகப் போன் செய்த பிறகுதான் சொன்னார்கள், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் தாங்களாகவே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பேக்கிங் அருமை. மரச்சட்டத்துக்குள் அட்டைப் பெட்டி, கேபினெட்டுக்கு உள்ளேயும் கார்டு அசையாமல் இருக்க ஊதிய ஃபோம் பை ஒன்றை அடைத்திருந்தார்கள். பெங்களூருவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் குலுங்கி வருகிறது, கனமான கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் மதர்போர்டே விரிசல் விடலாம். அந்த ஃபோம் பையை எடுத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும் என்று கேபினெட் மேலேயே சிவப்பு ஸ்டிக்கர். கூரியர்காரர்கள்தான் வீடு வரை வர முடியாது, கிடங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பெட்டியைப் பிரிப்பதை முதல் கத்தரி போடுவதிலிருந்து வீடியோ எடுங்கள், உடைந்திருந்தால் அது இல்லாமல் யாரும் பேசவே மாட்டார்கள்.

முதல் முறை ஆன் செய்தபோது ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா, "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது, ஒண்ணும் தெரியலையேப்பா" என்று பதறிவிட்டார். டிடிஆர்5 ரேம் போட்ட இந்த ஏஎம்5 போர்டுகள் (இந்த ரைசன் சிப் உட்காரும் மதர்போர்டு வகை) முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும், நடுவில் ஆஃப் செய்யாதீர்கள் என்று அவர்கள் வைத்திருந்த தாளில் எழுதியிருந்ததால் பொறுமையாக இருந்தோம். அதே தாளில் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் லோடு கொடுத்தார்கள், அப்போது அவர்கள் அறை எத்தனை டிகிரி, ப்ராசசரும் கார்டும் எத்தனை டிகிரி என்று எல்லாம். அறை வெப்பத்தைக் குறிக்காத டெஸ்ட் ரிப்போர்ட் நமக்கு உபயோகமில்லை, இவர்கள் குறித்திருந்தார்கள். ரேமும் 6000 வேகத்தில் ஓடியது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங்கில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்பதை ஆன் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடும். வாங்கி ஒரு வருஷமாகியும் இது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும், உங்கள் பிசியிலும் ஒரு தடவை பாருங்கள். அப்படியே மானிட்டர் ஒயர் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் சொருகியிருக்கிறதா, விண்டோஸ் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். கத்திரி நடுவில், மதியம் மூன்று மணிக்கு, ஏசி இல்லாத மாடி அறையில், அறையே 37 டிகிரி இருக்கும்போது சைபர்பங்க் 2077 என்ற கனமான கேமை 1440பி-யில் (2560x1440 திரை அளவில்) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். கார்டு 76, 77 டிகிரியில் நின்றது, ப்ராசசர் 75-ஐத் தாண்டவில்லை, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) முதல் நிமிஷம் போலவே கடைசியிலும் இருந்தது. ஃபேன் சத்தம் கேட்கத்தான் செய்தது, ஹெட்போன் போட்டால் தெரியாது. டிசம்பரில் அதே கேம், கார்டு 65-ஐ ஒட்டி. வாலரன்ட் போன்ற லேசான கேம்களுக்கு இந்தப் பிசி மூச்சே வாங்குவதில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பிசி குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் அந்தச் சூடு எல்லாம் அறைக்குள்தான் வருகிறது. மூடிய அறையில் விளையாடும் நாம்தான் வேகிறோம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் கம்பெனி சொன்னது எல்லாம் பின்னால் உதவியது. விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 400 வாட் போல இழுக்கிறது. வீடுகளில் பொதுவாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தரும், கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். குறைந்தது 1000 விஏ வேண்டும். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ்தானா என்று பார்த்து, பின்னால் இருக்கும் யூபிஎஸ் மோடு சுவிட்சையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் மாறும் இடைவெளியில் பிசி ரீஸ்டார்ட் ஆகும். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் போல வரும், 500 யூனிட்டை ஒட்டி பில் வரும் வீடுகளில் இது கட்டணப் படியையே மாற்றிவிடும், வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் எர்த்து. வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரிப் பழைய பகுதி வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், பின்னால் எர்த்து ஒயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, பிசி பழுது என்று நினைப்பார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டரிலிருந்து கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் செலவழிப்பவர்கள் முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள், இது உயிர் விஷயம்.

சர்வீஸ் எப்படி என்று கேட்பீர்கள். ஜூலையில் முன்பக்க ஃபேன் ஒன்று கரகரவென்று சத்தம் போட்டது. முழுப் பிசியையும் அனுப்பச் சொல்வார்கள் என்று பயந்தேன், வீடியோ காலில் பார்த்துவிட்டு புது ஃபேன் மட்டும் கூரியரில் அனுப்பி, மாட்டுவதையும் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பக்கவாட்டுக் கதவில் "பிரித்தால் வாரண்டி கிடையாது" என்று ஒரு சீல் ஒட்டியிருந்தது, அது சுத்தமாக ஏற்க முடியாதது. ஹைவே பக்கத்து வீடுகளில் படியும் தூசுக்கு உள்ளே திறந்து ஊதாமல் எப்படி இருப்பது? சுத்தம் செய்யவும் ரேம் மாற்றவும் திறக்கலாம் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள், அப்போது உடனே கொடுக்கிறார்கள்.

இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு விலை வேறு மாதிரி இருக்கும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, நான் கொடுத்த விலையை வைத்து யாரிடமும் பேரம் பேச முடியாது. அதைச் சமாளிக்க 16 ஜிபி ரேமை ஒற்றைக் குச்சியாகப் போட்டு விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். ஒற்றைக் குச்சியில் கேமிங் வேகம் குறையும், 8 ஜிபி குச்சி இரண்டாகக் கேளுங்கள். பின்னால் 32-க்குப் போக வேண்டுமானால் அவற்றை விற்றுவிட்டு 16 ஜிபி குச்சி இரண்டு வாங்குவதுதான் நல்லது, இந்த போர்டுகளில் நாலு குச்சி போட்டால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டி வரும்.